பிப் 1,200 ரூபாய், பந்தயம் 4,500 ரூபாய்

ஓட்டக் குழு வாட்ஸ்அப்பில் வாரம் தவறாமல் ஒரு போஸ்டர் வந்து விழும். ‘ஏர்லி பேர்ட் சலுகை இன்று இரவோடு முடிகிறது.’ பார்த்த கையோடு ஜிபே செய்துவிட்டு, ஊர் எது, தேதி எது, மச்சினி கல்யாணம் என்றைக்கு என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கிறவர்கள்தான் அதிகம். பணம் கட்டி, பிப்பை வாங்கக்கூடப் போகாமல் விடுகிறவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். பிப் என்பது மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டை. ஓடுகிறவர்கள் பேச்சில் பந்தயத்துக்கே அதுதான் பெயர். “அண்ணா, சென்னைக்கு பிப் போட்டாச்சா?” என்றுதான் கேட்பார்கள்.

பயிற்சி, வேகம், முழங்கால் வலி எதுவும் இந்தக் கட்டுரையில் இல்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு, ஆசைக்கு ஓடுகிற ஒருவர் பந்தயத்துக்கு எவ்வளவு செலவு செய்யலாம், எங்கே செலவு கைமீறுகிறது என்பது மட்டும். ஏற்கெனவே பத்து கிலோமீட்டராவது ஓடுகிறவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை

வருஷத்துக்கு மூன்று பந்தயம் போதும். உள்ளூரில் இரண்டு, வெளியூரில் ஒன்று. இது என் சட்டம், பிடிக்காதவர்கள் நான்காக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பயிற்சி ஓட்டத்தையே காசு கொடுத்து ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூட்டமாக ஓட வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால், பெசன்ட் நகர், மெரினா, அண்ணா நகர், ஓ.எம்.ஆர். என்று சென்னையின் பல பகுதிகளிலும் குழுக்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே போய் நின்றால் சேர்த்துக்கொள்வார்கள். கோவை, மதுரை, திருச்சியிலும் அப்படித்தான்.

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ லண்டன், சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. அங்கெல்லாம் சனிக்கிழமை காலையில் ‘பார்க்ரன்’ என்று ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. 2004 அக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கியது. ஒருமுறை இணையத்தில் பதிந்து பார்கோடை எடுத்துக்கொண்டால் எந்த ஊர் பார்க்ரன்னிலும் ஓடலாம்; நேரமும் குறித்துக் கொடுப்பார்கள். கட்டணம் கிடையாது. கிளம்புவதற்கு முன் பெட்டியில் ஷூவை வைத்துக்கொண்டால் போதும்.

‘விர்ச்சுவல் ரன்’ பக்கம் போகவே வேண்டாம். நம் தெருவில் நாமே ஓடிவிட்டு, கூரியரில் வரும் மெடலுக்காக முன்பின் தெரியாத ஒருவருக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

எந்தப் பந்தயம்

கல்லூரியும் காவல் துறையும் ரோட்டரி சங்கமும் நடத்தும் ‘மினி மாரத்தான்’களில் கட்டணம் சொற்பம், சிலது இலவசம். ஐந்து கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள், கைக்கடிகாரம் 4.6 காட்டும். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல இடம் கிடையாது.

தூரம் சரியாக அளக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இரண்டு பேருக்குத்தான். சொந்த நேரத்தைக் குறைக்கப் பாடுபடுகிறவர் ஒருவர். அந்த நேரத்தைக் காட்டி இன்னொரு பந்தயத்துக்குள் நுழைய நினைப்பவர் மற்றவர். பாஸ்டனும் தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸும் தகுதி நேரம் கேட்பவை. மும்பை மாதிரி பெரிய பந்தயங்களில் தொடக்கக் கோட்டில் உங்களை எந்தப் பகுதியில் நிறுத்துவது என்று முடிவு செய்யவும் பழைய நேரச் சான்றிதழ் வேண்டும். அப்படியானால் பந்தயத்தின் இணையப் பக்கத்தில் ‘எய்ம்ஸ்’ (AIMS, மாரத்தான்களின் சர்வதேசச் சங்கம்) அல்லது உலகத் தடகள அமைப்பின் அளவைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிள் சக்கரத்தில் எண்ணிக் கருவி பூட்டி, தடத்தின் மிகக் குறுகிய கோட்டில் ஓட்டி அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் வைப்பார்கள். சான்றுள்ள தடத்தில் உங்கள் கைக்கடிகாரம் 21.0975க்குப் பதிலாக 21.3 காட்டினால், வளைவுகளில் வெளிப்பக்கமாக ஓடியிருப்பீர்கள், அல்லது கடிகாரத்தின் கணக்கு பிசகியிருக்கும். அமைப்பாளருக்குக் கோபமாக மெயில் போடாதீர்கள்.

நேரமே வேண்டாம் என்பவர்களுக்கு ஆரோவில் மாரத்தான். 2008 முதல் பிப்ரவரியில் நடக்கிறது. செம்மண் பாதையில் ஓட்டம். நேரக் கணக்கும் இல்லை, பரிசும் இல்லை. ஆனாலும் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பதிவுப் பக்கத்தில் கண் திறந்திருக்கட்டும்

தூரத்தைத் தேர்ந்து, பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, டி-ஷர்ட் அளவு எல்லாம் தட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள். போஸ்டரில் 1,200 ரூபாய். கீழே 18 சதவீத ஜி.எஸ்.டி. 216 ரூபாய். ‘கன்வீனியன்ஸ் ஃபீ’ என்று ஒரு ஐம்பது ரூபாய். ஆக 1,466. இதுவரைக்கும் தப்பிக்க வழியில்லை.

அதற்கும் மேலே சின்ன எழுத்தில் சதுரங்கள் இருக்கும். ‘அறக்கொடை 100 ரூபாய்’ என்பதில் டிக் நீங்கள் போடாமலே விழுந்திருக்கும். ‘மெடலில் பெயர் பொறிக்க 250’, ‘ஃபினிஷர் டி-ஷர்ட் 400’, ‘பிப் வீட்டுக்கே வர 150’. முதல் மூன்றையும் எடுத்துவிடுங்கள். அறம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுக்க நினைத்தால் நேரடியாக அந்த அமைப்புக்கே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். அல்லது பந்தயமே நற்காரியத்துக்காக நடப்பதாகப் பார்த்துச் சேரலாம். சென்னையில் ட்ரீம் ரன்னர்ஸ் அரை மாரத்தான் செயற்கைக் கால்களுக்காக நிதி திரட்டுகிறது. கோவை மாரத்தான் அங்குள்ள புற்றுநோய் அறக்கட்டளைக்காக ஓடுகிறது. நாலாவது சதுரம், வீட்டுக்கே பிப் வருவது, வெளியூர்க்காரருக்கு லாட்டரி மாதிரி. அது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடுங்கள். ஏன் என்று கீழே வருகிறேன்.

கூப்பன்: பெரும்பாலான பந்தயங்கள் ஓட்டக் குழுக்களுக்குப் பத்துப் பதினைந்து சதவீதத் தள்ளுபடிக் கோடு கொடுக்கும். குழுவில் “கோடு இருக்கா?” என்று ஒரு வரி கேட்டால் கிடைக்கும். ஏர்லி பேர்டோடு அது சேராது. எது குறைவோ அதைப் போடுங்கள். அலுவலகத்தில் ‘வெல்னஸ்’ பேரில் ஏதாவது திருப்பித் தருவார்களா என்று மனிதவளப் பிரிவில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஐ.டி. நிறுவனங்களில் இது உண்டு, கேட்கிறவர்கள்தான் இல்லை.

டி-ஷர்ட் அளவை உங்களுக்குப் பொருந்துவதாகப் போடாதீர்கள். வீட்டில் அதை யார் போடப் போகிறார்களோ அவர்கள் அளவைப் போடுங்கள். நாலு பந்தயம் ஓடியவர் பீரோவைத் திறந்து பார்த்தால் புரியும்.

வெளியூர்ப் பந்தயம்: கை கடிக்கும் இடம்

இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். போஸ்டரில் இருக்கும் விலையைப் பார்த்து, “ஆயிரத்து இருநூறு தானே” என்கிறார்கள். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் தலையில் நிற்கிறது. பிப் கொடுப்பது வெள்ளி, சனி, அதுவும் நேரில், அதுவும் சாயங்காலத்தோடு சரி. சனிக்கிழமை இரவு தங்கியே ஆக வேண்டும். அந்த ஒரு ராத்திரிதான் செலவையெல்லாம் தீர்மானிக்கிறது.

மதுரையிலிருந்து ஒருவர் சென்னை மாரத்தானுக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் வாரம், ஞாயிறு காலை. முழு மாரத்தான் 4 மணிக்கே கிளம்பிவிடும். சனி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் எழும்பூரில் இறங்கும்போது மணி ஐந்தைத் தாண்டியிருக்கும். அது உதவாது. வெள்ளி இரவு பாண்டியனில் வந்தால் சனி விடிகாலையிலிருந்தே அறை எடுக்க வேண்டும். ஒன்றரை நாள் வாடகை. ஆகவே சனி காலை மதுரையை விடும் வைகை எக்ஸ்பிரஸ். மதியம் இரண்டு மணியைத் தாண்டி எழும்பூர். இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 200 ரூபாயை ஒட்டித்தான் ஆகும். நேரே பிப் வாங்கப் போய்விட்டு, அப்புறம் அறைக்கு வாருங்கள். அறையில் சாய்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டீர்கள்; பிப் கொடுக்கும் ‘எக்ஸ்போ’ மூடிவிடும்.

இந்த டிக்கெட்டில் ஒரு சிக்கல். பந்தயப் பதிவு நாலைந்து மாதம் முன்னாலேயே திறக்கிறது. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னால்தான். முன்பு 120 நாள் இருந்தது. அதனால் பிப் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட்டை மறந்துபோகிறார்கள். பிப் போட்ட அன்றே, பயணத்துக்கு அறுபது நாள் முந்தைய காலை 8 மணிக்குச் செல்போனில் அலாரம் வையுங்கள். ஜனவரி முதல் ஞாயிறு என்பது புத்தாண்டு விடுமுறை முடிந்து ஊரே சென்னைக்குத் திரும்பும் நாள். தட்கலை நம்பி யாரும் பந்தயத்துக்கு வர வேண்டாம். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் காசும் திரும்பாது.

மும்பை இன்னும் மோசம். ஜனவரி மூன்றாவது ஞாயிறு, அதாவது பொங்கலை ஒட்டிய நாட்கள். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் எக்ஸ்போவில் அசல் அடையாள அட்டையோடு நேரில் போய்த்தான் பிப் வாங்க வேண்டும். முழு மாரத்தான் கிளம்புவதோ தென்கோடியில், சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம் பக்கம். பொங்கலுக்கு ஊரில் இருந்துவிட்டு அப்படியே ரயிலேறலாம் என்று கணக்குப் போட்டால் டிக்கெட் கிடைக்காது. விமானம் என்றால் விலையைக் கேட்காதீர்கள்.

சரி, மதுரைக்காரருக்கு அறை. எழும்பூர் கென்னட் லேனில் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. செயலியில் புக் செய்வதற்கு முன் போனில் ஒரே கேள்வி கேளுங்கள்: “செக்-அவுட் பன்னிரண்டு மணிக்கா, இருபத்து நாலு மணி நேரமா?” நம் ஊர்ப் பழைய லாட்ஜுகளில் இருபத்து நாலு மணி நேரக் கணக்கு இன்னும் உண்டு. சனி மாலை நாலு மணிக்கு நுழைந்தால் ஞாயிறு நாலு வரை அறை உங்களுடையது. ஓடி முடித்து வந்து குளித்து, கால் நீட்டிப் படுத்து, அப்புறம் கிளம்பலாம். பகல் பன்னிரண்டு மணிக் கணக்கென்றால் தலை துவட்டுவதற்குள் கதவைத் தட்டுவார்கள். இருநூறு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை, இருபத்து நாலு மணி நேரம்தான் என் தேர்வு. திரும்புகிற வைகை மதியம் இரண்டு மணிக்குள் கிளம்பிவிடும். அதற்குச் சரியாக இருக்கும்.

அதிகாலை மூன்று மணிக்கு ஆட்டோ. செயலியில் அந்த நேரத்துக்கு விலை ஏறியிருக்கும், அல்லது வண்டியே வராது. இரவு சாப்பிட்டுத் திரும்பும்போதே லாட்ஜ் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் பேசி வைத்துவிடுங்கள். அண்மை ஆண்டுகளில் சென்னை மாரத்தான் நாளில் மெட்ரோ ரயில் வழக்கத்துக்கு முன்பாக, அதிகாலை 3 மணிக்கே ஓடியிருக்கிறது. பந்தயத்துக்கு இரண்டு நாள் முன் மெட்ரோவின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டால் போகிற ஆட்டோ மிச்சம். புறப்படும் இடமும் முடியும் இடமும் ஒன்றா என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். வேறு வேறாக இருந்தால், ஓடி முடித்தபின் சாலைகள் மூடிக் கிடக்க, வியர்வை சொட்ட ஆட்டோ தேட வேண்டியிருக்கும்.

இப்போது கூட்டுவோம். பிப் 1,466. ரயில் போக வர 400. அறை 1,500. இரண்டு நாள் சாப்பாடு 600. ஆட்டோ, மெட்ரோ எல்லாம் சேர்த்து 600. மொத்தம் 4,566 ரூபாய். இதில் பிப் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏர்லி பேர்டில் இருநூறு மிச்சம் பிடிக்க இரவு பதினொன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து பணம் கட்டினவர், அறையைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஆள் தேடியிருந்தால் 750 மிச்சம். வெளியூருக்குத் தனியாகப் போகாதீர்கள் என்று நான் சொல்வது துணைக்காக இல்லை, இதற்காகத்தான்.

அந்த ராத்திரியையே தவிர்க்க முடியுமா? மூன்று வழி. ஒன்று, கூரியரில் பிப். இரண்டு, சென்னையில் இருக்கும் நண்பர் வாங்கி வைப்பது. பல பந்தயங்களில் இது செல்லும். உறுதிப்படுத்தும் மெயில், உங்கள் அடையாள அட்டை நகல், ‘இன்னாருக்கு என் பிப்பைக் கொடுக்கச் சம்மதம்’ என்று கையெழுத்திட்ட இரண்டு வரி, இவை மூன்றும் நண்பர் கையில் காகிதமாக இருக்கட்டும். போனில் காட்டினால் கவுன்டரில் இருக்கும் தன்னார்வலர் முழிப்பார். மூன்று, பந்தய நாள் காலையில் வெளியூர்க்காரருக்கு பிப் கொடுப்பது. மதுரையிலிருந்து கோவை, சென்னையிலிருந்து புதுச்சேரி மாதிரி தூரங்களுக்கு வாடகைக் காரில் நாலு பேர் நள்ளிரவில் கிளம்பிப் போக இது உதவும். ஆனால் தூக்கமில்லாமல் அரை மாரத்தான் ஓடுவதை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பத்து கிலோமீட்டர் என்றால் சரி. எதுவானாலும் அமைப்பாளருக்கு மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திய பிறகே பணம் கட்டுங்கள். தொலைபேசியில் “வாங்க சார், பார்த்துக்கலாம்” என்று ஒருவர் சொன்னது எக்ஸ்போ கவுன்டரில் எடுபடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள பந்தயமென்றால், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை யாருடைய பந்தய அட்டவணையையும் பார்த்து வருவதில்லை. பந்தயத்தைத் தள்ளிவைத்தால் பிப் அடுத்த தேதிக்குச் செல்லும். ரயிலும் அறையும் செல்லாது.

ஷூவும் மற்றவையும்

ஷூ கணக்கைப் பந்தயக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். வாரம் 30 கிலோமீட்டர் ஓடினால் வருஷத்துக்கு 1,560. குறைந்தது இரண்டு ஜோடி. 4,000 ரூபாய் ஜோடி என்றால் 8,000. மூன்று பிப்பின் விலையைவிட இது அதிகம். புது மாடல் வந்தவுடன் பழைய மாடல் விலை சரியும். நிறத்தைப் பார்க்காமல் அதை வாங்குங்கள். கார்பன் தகடு வைத்த ஷூ நமக்கெதற்கு?

ஓடும்போது சாப்பிடும் எனர்ஜி ஜெல் ஒன்று நூறு ரூபாய்க்கு மேல். அரை மாரத்தானுக்குக் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் போதும் என்பது என் கட்சி. சென்னைப் புழுக்கத்தில் உப்புதான் முக்கியம். மருந்துக் கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முந்தின நாளே கரைத்துக் குடித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

பந்தயப் புகைப்படத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். கடைசி வளைவில் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

போக முடியாவிட்டால்

பணம் திரும்பாது. அதை விட்டுவிடுங்கள். சில பந்தயங்களில் ஒரு தேதிக்குள் சொன்னால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். முழு மாரத்தானுக்குப் பயிற்சி தேறாதவர் அரைக்கு மாறுவதற்கு இதுதான் வழி. விதிமுறைப் பக்கத்தில் அந்தத் தேதி இருக்கும்.

வாட்ஸ்அப்பில் ‘பிப் விற்பனைக்கு’ என்று போடாதீர்கள், வாங்கவும் செய்யாதீர்கள். பிப்பைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், நோய் விவரம் எல்லாம் இருக்கும். இருபதாவது கிலோமீட்டரில் நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவர் பார்ப்பது அதைத்தான். அதில் வேறொருவர் ரத்த வகை இருக்கலாமா? போன் மணி வேறொருவர் வீட்டில் அடிக்கலாமா? அறுபது வயது அப்பாவின் பிப்பில் முப்பது வயது மகன் ஓடி, வயதுப் பிரிவின் பரிசுப் பட்டியலையே கலைத்துவிடுகிற கூத்தும் நடக்கும்.

ஓடும் நாளில் இரண்டு விஷயம்

பிப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைதான் நேரக் கருவி. தொடக்கத்திலும் முடிவிலும் தரையில் விரித்திருக்கும் பாயைத் தாண்டும்போது அது எண்ணைச் சொல்லும். பிப்பை மடிக்காதீர்கள். நாலு மூலையிலும் ஊக்கு குத்தி மார்பில் தட்டையாக வையுங்கள். அதன் மேல் தண்ணீர் பெல்ட்டோ ஜாக்கெட்டோ வரக் கூடாது. ஈரம் சிக்னலைத் தின்றுவிடும். எல்லாச் செலவும் செய்து ஓடி முடித்து, முடிவுப் பட்டியலில் பெயர் இல்லாமல் தேடுகிறவர்களில் பாதிப் பேர் பிப்பை அழகுக்காக மடித்தவர்கள்.

முடிவுகள் வந்தவுடன் சான்றிதழை இறக்கி, துப்பாக்கி நேரம் (பந்தயம் தொடங்கியதிலிருந்து), சிப் நேரம் (நீங்கள் தொடக்கப் பாயைத் தாண்டியதிலிருந்து) இரண்டும் அதில் இருக்கிறதா என்று பார்த்து, உங்களுக்கே ஒரு மெயிலாக அனுப்பிவிடுங்கள். அடுத்த வருஷம் நேரம் கணக்கிடும் நிறுவனம் மாறும், பழைய இணைப்பு திறக்காது. அப்போது மும்பை பதிவுப் பக்கம் நேரச் சான்றிதழ் கேட்கும். அதை வாங்குவதற்காக இன்னொரு 1,466 ரூபாய் கட்டி இன்னொரு பந்தயம் ஓட வேண்டியிருக்காது.